முதல் துணையலகில் 240க்கும் 244க்கும் நடுவே ஒரு பிணைப்பு: பிழையா, உண்மையா?

#1 பச்சைக்கரைசல்

எல்லோருக்கும் வணக்கம். முதுகலை உயிர்வேதியியல், இரண்டாம் ஆண்டு. அடுத்த மாதம் கருத்தரங்கில் நான் பேச வேண்டிய தலைப்பு: சைட்டோக்ரோம் சி ஆக்சிடேஸ் நொதியின் முதல் துணையலகு, அதன் அமைப்பும் செயலும். மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் இருந்து, சுவாசத்தின் கடைசிப் படியில் ஆக்சிஜனைத் தண்ணீராக்கும் நொதி அது; பல புரதத் துணையலகுகள் சேர்ந்தது. மாட்டு இதயத்திலிருந்து பிரித்தெடுத்த நொதியின் கட்டமைப்புக் கோப்பைத் திரையில் திறந்து வைத்து மூன்று நாட்களாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

514 அமினோ அமிலங்கள். சவ்வை ஊடுருவிச் செல்லும் 12 சுருள்கள். உள்ளே இரண்டு ஹீம் (நடுவில் இரும்பு உள்ள வளையங்கள்), ஒரு செம்பு அணு. இதுவரை புரிகிறது. நேற்று மென்பொருள் ஓரிடத்தைச் சிவப்பில் காட்டி, அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்று எச்சரித்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். சங்கிலியில் 240 ஆம் எச்சமான (அமினோ அமிலமான) ஹிஸ்டிடினின் வளையமும் 244 ஆம் எச்சமான டைரோசினின் வளையமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. இரண்டு சிஸ்டீன்கள் கந்தகத்தால் கைகோப்பதைப் படித்திருக்கிறேன். ஹிஸ்டிடினும் டைரோசினும் இப்படி இணைவதை எந்தப் பாடநூலிலும் பார்த்ததில்லை. படிகத்திலிருந்து கட்டமைப்பைக் கண்டறிந்தவர்களின் கைப்பிழை என்று முடிவு செய்து, இரண்டையும் விலக்கி, ஹைட்ரஜன் அணுக்களைச் சேர்த்து, அணுக்களை ஆற்றல் குறைந்த இடங்களுக்கு நகர்த்தும் ஆற்றல் குறைப்புக் கணக்கை ஓட்டிவிட்டேன். சிவப்பு மறைந்தது. ஆனால் பக்கத்திலிருந்த செம்பு அணு இருந்த இடத்தை விட்டு விலகிவிட்டது.

நான் செய்தது சரியா? இன்னொன்றும் கேட்க வேண்டும். வினை நடப்பது ஓர் இரும்புக்கும் ஒரு செம்புக்கும் இடையே. அதற்கு எதற்கு 12 சுருள்கள்?

#2 துருத்தி

விலக்கிவிட்டீர்களா! தங்கையே, பாலத்தின் நடுத்தூணைப் பிடுங்கிவிட்டு, மேலே போட்ட பலகை ஏன் சரிகிறது என்று கேட்கிறீர்கள்.

அது பிழையன்று. இந்த நொதியில் அதைவிட உண்மையான பிணைப்பு வேறொன்று இல்லை என்றே சொல்வேன். ஹிஸ்டிடின் வளையத்தின் நைட்ரஜன் ஒன்று டைரோசின் வளையத்தின் கார்பன் ஒன்றோடு நேராகப் பிணைந்திருக்கிறது. புரதம் தொகுக்கப்பட்ட பிறகு உருவாகும் பிணைப்பு. மரபணுவின் எழுத்துகளை எத்தனை முறை படித்தாலும் அது அங்கே தெரியாது.

உங்களைக் குறை சொல்லவும் முடியாது. 1995 இல் இரண்டு குழுக்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் இந்த நொதியின் கட்டமைப்பை வெளியிட்டன. ஜெர்மனியில் ஹார்ட்முட் மிஷெலின் குழு பாராகாக்கஸ் பாக்டீரியாவின் நொதியை, ஜப்பானில் ஷின்யா யோஷிகாவா, தோமித்தாகே த்சுகிஹாரா குழு மாட்டு இதய நொதியை. இரண்டுமே சுமார் 2.8 ஆங்ஸ்ட்ராம் தெளிவு (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு; எண் குறையக் குறையத் தெளிவு கூடும்). அந்த முதல் வெளியீடுகளில் இந்தப் பிணைப்பு பேச்சிலேயே இல்லை. 1997, 1998 வாக்கில் தெளிவு கூடிய பிறகுதான் வளையங்கள் இரண்டும் ஒட்டியிருப்பது தெரிந்தது. துறையின் முன்னணி ஆட்களின் கண்ணுக்கே முதலில் தப்பியதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். பார்த்ததை அழித்ததுதான் தவறு.

பழைய கோப்பை எடுத்து மறுபடி தொடங்குங்கள்.

#3 நிறமாலை

துருத்தி சொன்னது சரி. அது எதற்கு இருக்கிறது என்பதை நான் சொல்கிறேன். கருத்தரங்கில் கேட்கப்போவது அதைத்தான்.

ஆக்சிஜனுக்கு எலக்ட்ரானை ஒவ்வொன்றாகக் கொடுத்தால் என்ன ஆகும்? முதல் எலக்ட்ரானில் சூப்பராக்சைடு, இரண்டாவதில் பெராக்சைடு, மூன்றாவதில் ஹைட்ராக்சில் தனியுறுப்பு. மூன்றும் செல்லைக் குலைப்பவை. நான்காவதில்தான் தண்ணீர். இந்த நொதி நான்கையும் கொடுக்கும் வரை ஆக்சிஜனைப் பிடியிலிருந்து விடுவதில்லை. ஆனால் நான்கு எலக்ட்ரான்களைத் தேக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பதும் இல்லை. எப்படிச் சமாளிக்கிறது?

ஹீம்கள் இரண்டுக்கும் ஹீம் ஏ, ஹீம் ஏ3 என்று பெயர். இரண்டு எலக்ட்ரான்கள் வந்து சேர்ந்ததும் ஹீம் ஏ3 இல் உள்ள இரும்பு +2 நிலைக்கும், எதிரே உள்ள செம்பு +1 நிலைக்கும் வரும். இரண்டுக்கும் இடைவெளி சுமார் 5 ஆங்ஸ்ட்ராம். அந்தச் சந்துக்குள் ஆக்சிஜன் வந்து இரும்பைப் பற்றுகிறது. உடனே இரும்பு ஒன்றுக்குப் பதில் இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுத்து +4 நிலைக்குத் தாவுகிறது. செம்பு ஒன்று கொடுக்கிறது. மூன்றாயிற்று. நான்காவது? அதைத்தான் 244 ஆம் டைரோசின் தன் வளையத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறது, கூடவே ஒரு புரோட்டானையும். ஆக்சிஜனின் இரு அணுக்களுக்கு இடையேயான பிணைப்பு ஒரே மூச்சில் அறுகிறது. பாதியில் நிற்கும் ஆபத்தான இடைப்பொருள் எதுவும் வெளியே நழுவ வாய்ப்பில்லை. டைரோசினுக்கு ஏற்பட்ட கடனைப் பின்னால் வரும் எலக்ட்ரான் அடைக்கிறது.

அந்த டைரோசின் எப்போதும் செம்பின் பக்கத்திலேயே, சரியான கோணத்தில் இருந்தாக வேண்டும். 240 ஆம் ஹிஸ்டிடின் செம்பைப் பிடித்திருக்கும் மூன்று ஹிஸ்டிடின்களில் ஒன்று. மற்ற இரண்டும் 290, 291. அதனோடு டைரோசினைக் கட்டிப்போட்டால் அது எங்கே போகும்? நீங்கள் கட்டை அவிழ்த்தீர்கள், செம்பு நகர்ந்தது. உங்கள் கணினி உங்களுக்கு ஒரு நல்ல சோதனையைச் செய்து காட்டியிருக்கிறது.

பாக்டீரியாவின் நொதியில் இந்த டைரோசினை எடுத்துவிட்டு ஃபீனைல் அலனினை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். வடிவத்தில் வேறுபாடு ஒரே ஒரு ஆக்சிஜன் அணுதான். நொதி வேலை செய்வதில்லை.

#4 கரும்பலகை

நான் பள்ளியில் உயிரியல் நடத்துகிறவன். பாடநூலில் இந்த நொதிக்கு ஒரே ஒரு வரிதான்: எலக்ட்ரான்களை ஆக்சிஜனுக்கு மாற்றி எட்டு புரோட்டான்களை வெளியே தள்ளுகிறது. அதை 20 ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். அந்த ஒரு வரிக்குள் இவ்வளவு இருக்கிறதா!

#5 ஓட்டைவாளி

கரும்பலகை ஐயா, அந்த ஒரு வரியிலும் ஒரு பிழை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் ஆக்சிஜன் மூலக்கூறுக்கு எட்டு புரோட்டான்கள் உட்பக்கத்திலிருந்து எடுக்கப்படுகின்றன. அவற்றில் நான்கு அங்கேயே தண்ணீராகிவிடுகின்றன. மீதி நான்குதான் சவ்வைக் கடந்து மறுபக்கம் போகின்றன. எலக்ட்ரான்கள் வெளிப்பக்கத்திலுள்ள சைட்டோக்ரோம் சி என்ற, எலக்ட்ரானைச் சுமந்து வரும் சிறு புரதத்திலிருந்து வருகின்றன, புரோட்டான்கள் உட்பக்கத்திலிருந்து வருகின்றன. ஆகவே சவ்வின் குறுக்கே நகரும் மின்னேற்றத்தை எண்ணினால் எட்டு வரும். எட்டு என்ற எண்ணுக்கு மூலம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். இறைக்கப்படுவது நான்கு.

இந்த இறைப்பைக் கண்டுபிடித்தவர் மார்ட்டன் விக்ஸ்ட்ரோம், 1977 இல். அப்போது யார் ஒப்புக்கொள்ளவில்லை தெரியுமா? பீட்டர் மிட்செல். புரோட்டான் ஏற்றத்தாழ்வால்தான் ஏடிபி உருவாகிறது என்ற கொள்கைக்காக மறு ஆண்டே, 1978 இல், வேதியியல் நோபல் பெற்றவர். தன் கொள்கைக்கு வலுச்சேர்க்கும் கண்டுபிடிப்பையே அவர் பல ஆண்டுகள் மறுத்துக்கொண்டிருந்தார். இந்த நொதி எலக்ட்ரானை மட்டுமே கடத்துகிறது என்பது அவர் கட்சி. பின்னர் இறங்கி வந்தார்.

#6 கரும்பலகை

திருத்திக்கொண்டேன். நாளை வகுப்பில் முதல் வேலை, போன ஆண்டு எழுதிப் போட்டதை அழிப்பது.

#7 பச்சைக்கரைசல்

#2, #3 இரண்டுக்கும் நன்றி. பழைய கோப்பைத் திறந்து பார்த்தேன். ஒரு வேடிக்கை. பத்தாவது சுருளில் 376 ஆம் ஹிஸ்டிடின் ஹீம் ஏ3 ஐப் பிடித்திருக்கிறது. 378 ஆம் ஹிஸ்டிடின் ஹீம் ஏ ஐப் பிடித்திருக்கிறது. நடுவில் ஒரே ஓர் எச்சம், 377 ஆம் ஃபீனைல் அலனின். ஒரே தண்டில் ஒன்றையடுத்து ஒன்றாக இருந்தும் சுருளின் இரு பக்கங்களில் இரு வேறு ஹீம்களைத் தாங்குகின்றன. எலக்ட்ரான் இந்த வழியாகத்தான் போகிறதா?

#8 நிறமாலை

நல்ல கண். அந்தச் சுருளின் வழியாகப் போகலாம் என்று கருத்து உண்டு. ஆனால் அது தேவையே இல்லாத அளவுக்கு இரண்டு ஹீம்களின் ஓரங்களும் நெருக்கமாக இருக்கின்றன. எலக்ட்ரான் அந்த இடைவெளியைத் தாண்ட எடுத்துக்கொள்ளும் நேரம் நானோ நொடி அளவில். முழுப்பாதையைச் சொல்ல வேண்டுமானால்: சைட்டோக்ரோம் சி, பிறகு இரண்டாம் துணையலகின் இரட்டைச் செம்பு மையம், அங்கிருந்து சுமார் 20 ஆங்ஸ்ட்ராம் தாண்டி முதல் துணையலகின் ஹீம் ஏ, பிறகு ஹீம் ஏ3 – செம்பு பி (எதிரே உள்ள அந்தச் செம்பு) இணை. இரண்டாம் துணையலகு சவ்வில் இரண்டே சுருள்களை ஊன்றி, தலையை மட்டும் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்தத் தலையில்தான் இரட்டைச் செம்பு. வந்து சேரும் ஓர் எலக்ட்ரானை இரு செம்பு அணுக்களும் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொள்கின்றன.

உங்கள் புனைபெயருக்காக ஒரு செய்தி. தூய்மைப்படுத்திய நொதிக் கரைசல் பச்சை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் எலக்ட்ரானைக் கொடுத்து ஒடுக்கும் டைத்தியோனைட்டை ஒரு சிட்டிகை போட்டு நிறமாலைமானியில் வையுங்கள். 605 நானோமீட்டரில் ஒரு முகடு எழும். அதில் பெரும்பங்கு ஹீம் ஏயினுடையது. 440களில் உயரும் இன்னொரு முகட்டை ஹீம் ஏ, ஹீம் ஏ3 இரண்டும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒரே வேதிப்பொருள், ஒரே புரதம், இரண்டு இருக்கைகள். நிறத்தில் இரண்டும் வேறு வேறு ஆட்கள்.

#9 அரைகுறை

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். சயனைடு தடுப்பது இந்த நொதியைத்தானே? ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைய இருக்கும்போதே ஆள் ஏன் மூச்சுத்திணறிச் சாகிறார் என்பது எனக்குப் பிடிபடவே இல்லை.

#10 துருத்தி

சயனைடு போய் உட்காருவது ஹீம் ஏ3 இரும்புக்கும் செம்புக்கும் நடுவே, ஆக்சிஜன் வரவேண்டிய அதே சந்தில். எலக்ட்ரான்கள் வந்து வரிசையில் நிற்கின்றன, வாங்க ஆளில்லை. நுரையீரலும் ரத்தமும் தம் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. செல்லால் ஆக்சிஜனைச் செலவழிக்க முடியவில்லை. அதனால் சிரைகளில் திரும்பும் ரத்தம்கூடச் செக்கச்செவேலென்று இருக்கும். கார்பன் மோனாக்சைடும் அதே இடத்துக்குத்தான் வரும், ஆனால் +2 இரும்பைப் பற்றும். சயனைடுக்கு +3 பிடிக்கும். நைட்ரைட் மருந்து கொடுப்பதன் உத்தி அதுதான்: ஹீமோகுளோபினில் ஒரு பகுதியை +3 இரும்பாக மாற்றினால் சயனைடு அங்கே ஈர்க்கப்பட்டு நொதியை விடும்.

#11 நிறமாலை

கார்பன் மோனாக்சைடு என்றதும் ஓட்டோ வார்பர்க் நினைவுக்கு வருகிறார். ஈஸ்டின் சுவாசத்தை அந்த வாயுவால் நிறுத்தினார். வெளிச்சம் பட்டதும் சுவாசம் மீண்டது, இருட்டாக்கினால் மறுபடி நின்றது. எந்த நிற ஒளி எவ்வளவு மீட்கிறது என்று ஒவ்வொன்றாக அளந்து, கண்ணால் பார்க்க முடியாத ஒரு நொதியின் நிறமாலையை வரைந்தார். அது ஹீமின் நிறமாலையாக இருந்தது. புரதத்தைப் பிரித்தெடுக்கவே இல்லை! 1931 இல் நோபல்.

அதற்கு முன்பே, 1925 இல், டேவிட் கீலின் ஈஸ்டுக் கரைசலைச் சிறு நிறமாலைக்காட்டியில் வைத்துப் பார்த்தார். சும்மா வைத்தால் கருங்கோடுகள் தெரிந்தன. காற்றோடு குலுக்கினால் மறைந்தன. மீண்டும் சும்மா வைத்தால் திரும்பின. சயனைடு சேர்த்த பிறகு எவ்வளவு குலுக்கினாலும் கோடுகள் போகவில்லை. குலுக்குவதும் பார்ப்பதும்தான் சோதனை. அதே கோடுகளை 1880களிலேயே மக்மன் என்ற மருத்துவர் பார்த்து எழுதியிருந்தார். செல்வாக்குமிக்க வேதியியலாளர் ஹோப்பே-சைலர் மறுத்ததால் 40 ஆண்டுகள் யாரும் சீண்டவில்லை.

#12 ஓட்டைவாளி

வரலாறு போதும். #1 இல் கேட்ட இரண்டாவது கேள்விக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை. எதற்கு 12 சுருள்கள்?

வினைமையம் சவ்வின் உள்ளே புதைந்திருக்கிறது. சவ்வின் உட்பகுதி எண்ணெய் மாதிரி; புரோட்டான் தானாக நுழையாது. ஆகவே வழி அமைத்துக் கொடுக்க வேண்டும். சுருள்களுக்கு நடுவே நீர் மூலக்கூறுகளும் நீர்விரும்பும் எச்சங்களும் வரிசையாக நிற்கின்றன. ஒன்றிடம் வாங்கி அடுத்ததிடம் கொடுத்துப் புரோட்டான் உள்ளே போகிறது. இப்படி இரண்டு வழிகளைப் பற்றிப் பெரும்பாலும் சண்டை இல்லை. டி வழி 91 ஆம் அஸ்பார்ட்டேட்டில் தொடங்கி 242 ஆம் குளூட்டமேட்டில் முடிகிறது. கே வழியின் நடுவே 319 ஆம் லைசின் இருக்கிறது. எட்டுப் புரோட்டான்களில் இரண்டு கே வழியாகவும், இறைக்கப்படும் நான்கு உட்பட ஆறு டி வழியாகவும் போகின்றன என்பது பாக்டீரியாவின் நொதியில் செய்த சோதனைகளின் முடிவு.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு திடீர்மாற்றம். ரோடோபாக்டர் பாக்டீரியாவின் டி வழி வாயிலுக்கு அருகே 139 ஆம் இடத்தில் ஓர் அஸ்பரஜின். அதை அஸ்பார்ட்டேட்டாக மாற்றினார்கள். மாற்றம் எத்துணை சிறியது, பாருங்கள்: ஒரு நைட்ரஜனுக்குப் பதில் ஓர் ஆக்சிஜன். ஆக்சிஜனைத் தண்ணீராக்கும் வேகம் குறையவே இல்லை. இயல்பான நொதியைவிடக் கூடுதலாகவே இருந்தது. ஆனால் ஒரு புரோட்டான்கூட இறைக்கப்படவில்லை. வாளி கிணற்றுக்குள் இறங்குகிறது, ஏறுகிறது, வெறுமையாக வருகிறது. மாற்றிய இடத்துக்கும் வினைமையத்துக்கும் நடுவே நெடுந்தூரம். அங்கே ஒரு மின்னேற்றத்தைக் கூட்டினால் இங்கே இறைப்பு ஏன் நிற்க வேண்டும்? இந்தக் கேள்வியைச் சுற்றிக் கணினி உருவகங்கள் செய்துதான் என் இளமை கழிந்தது.

#13 துருத்தி

எச் வழியை விட்டுவிட்டீர்களே. வேண்டுமென்றே?

#14 ஓட்டைவாளி

வேண்டுமென்றேதான்.

#15 துருத்தி

அப்படியானால் நான் சொல்கிறேன். பச்சைக்கரைசல் மாட்டு நொதியை வைத்துப் பேசப்போகிறார். எச் வழியைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் இறங்கினால் கேள்வி நேரத்தில் மாட்டிக்கொள்வார்.

யோஷிகாவா குழுவின் வாதம் இது. மாட்டு நொதி ஆக்சிஜனேற்ற நிலையிலிருந்து ஒடுக்க நிலைக்குப் போகும்போது 51 ஆம் அஸ்பார்ட்டேட் இடம் மாறுகிறது. ஹீம் ஏயை உரசிக்கொண்டு ஓடும் மூன்றாவது வழி ஒன்று அங்கே முடிகிறது. இறைக்கப்படும் நான்கு புரோட்டான்களும் பாலூட்டிகளில் அவ்வழியாகவே போகின்றன என்கிறார்கள். கண்ணால் பார்த்த கட்டமைப்பு மாற்றம் மட்டுமன்று, மனிதச் செல்லில் மாட்டின் முதல் துணையலகை உருவாக்கி, அதில் இந்த அஸ்பார்ட்டேட்டை மாற்றி, இறைப்பு நின்றதாகவும் காட்டினார்கள்.

#16 ஓட்டைவாளி

பாக்டீரியாவில் அந்த 51 ஆம் அஸ்பார்ட்டேட் கிடையாது. அது இல்லாமலே பாக்டீரியா நன்றாக இறைக்கிறது. ஈஸ்டின் மைட்டோகாண்ட்ரியாவில் எச் வழியின் எச்சங்களை மாற்றிப் பார்த்தார்கள், இறைப்பு நிற்கவில்லை. வினைமையம் அச்சில் வார்த்தது போல் ஒன்றாக இருக்கும்போது, பாக்டீரியாவுக்கு ஒரு பம்ப், மாட்டுக்கு வேறொரு பம்ப் என்று இயற்கை ஏன் இரண்டு செய்ய வேண்டும்?

#17 துருத்தி

இயற்கை உங்களிடம் கேட்டுக்கொண்டா செய்கிறது? ஈஸ்ட் மாடு ஆகாது. கட்டமைப்பில் நகர்கிற எச்சத்தை நகரவில்லை என்று சொல்லிவிட முடியாது.

#18 ஓட்டைவாளி

நகர்கிறது என்பதை மறுக்கவில்லை. நகர்கிற எல்லாவற்றிலும் புரோட்டான் ஏறிப் போகிறது என்பதை மறுக்கிறேன். ஹீம் ஏயைச் சுற்றியுள்ள மின்னழுத்தத்தைச் சமன்செய்ய அந்த இடம் அசையலாம். அது வேறு வேலை.

#19 பச்சைக்கரைசல்

இருவரும் சண்டையை நிறுத்த வேண்டாம், எனக்கு இரண்டு படவில்லைகள் கிடைத்துவிட்டன. ஒரு வில்லையில் இருவர் வாதத்தையும் எதிரெதிரே வைக்கிறேன். நான் டி வழியின் பக்கம் சாய்கிறேன், துருத்தி அண்ணன் மன்னிக்கவும்.

இன்னொரு ஐயம். இந்த நொதியில் 13 துணையலகுகள் என்று ஒரு நூலிலும் 14 என்று இன்னொன்றிலும் இருக்கிறது. எதைச் சொல்வது?

#20 துருத்தி

மன்னித்தேன். 14 என்று சொல்லுங்கள், காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

யோஷிகாவா குழுவின் படிகத்தில் 13 இருந்தன. என்டியுஎஃப்ஏ4 என்றொரு சிறு புரதம் நெடுங்காலம் சுவாசச் சங்கிலியின் முதலாம் வளாகத்தின் உறுப்பாகக் கணக்கில் இருந்தது; அதன் பெயரே முதலாம் வளாகத்தின் பெயர். 2012 இல் அது உண்மையில் நான்காம் வளாகத்தை, அதாவது நம் நொதியைச் சேர்ந்தது என்று காட்டினார்கள். 2018 இல் மனித நொதியின் கட்டமைப்பு வந்தபோது அதை அதன் இடத்திலேயே பார்த்துவிட்டார்கள். தூய்மைப்படுத்தும்போது சோப்புக் கரைசலில் கழன்று போகும் ஆள் அது. நான் வடிகுழாயின் முன் உட்கார்ந்து கழித்த ஆண்டுகளில் அதை எத்தனை முறை சாக்கடையில் ஊற்றியிருப்பேனோ. முகவரி மாறியும் பெயர் மாறவில்லை.

#21 நிறமாலை

இந்தத் துறையில் தவறான பெயர்கள்தான் நீண்ட ஆயுளோடு வாழ்கின்றன. #3 இல் நான் சொன்ன, பிணைப்பு அறுந்த இடைநிலைக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் பி. பெராக்சைடு என்பதன் முதலெழுத்து. 607 நானோமீட்டரில் ஒரு முகடு இருக்கும். அந்நிலையில் பெராக்சைடே இல்லை, ஆக்சிஜன் அணுக்கள் இரண்டும் ஏற்கெனவே பிரிந்துவிட்டன என்று ராமன் நிறமாலையியல் 1990களின் இறுதியில் காட்டிவிட்டது. எழுத்து மட்டும் இன்னும் பி.

#3 இல் நான் எழுதியதற்கும் ஒரு திருத்தம். நொதி இரண்டு எலக்ட்ரான்களோடு தொடங்கினால்தான் டைரோசின் கை கொடுக்க வேண்டும். ஹீம் ஏயிலும் எலக்ட்ரான் தயாராக இருந்தால் அதுவே நான்காவதைத் தந்துவிடும். டைரோசின் சும்மா இருக்கலாம். இரண்டு நிலைகளுக்கும் பி என்றுதான் பெயர், கீழே ஒரு சிற்றெழுத்து மட்டும் மாறும். தேர்வாளர்களுக்கு இந்தச் சிற்றெழுத்தின் மேல் தனி அன்பு உண்டு.

#22 ஓடிப்போன_மரபணு

தாமதமாக வருகிறேன். துணையலகுகளை எண்ணுகிறீர்கள், அவை எங்கே எழுதப்பட்டிருக்கின்றன என்று யாரும் கேட்கவில்லை.

முதல் மூன்றும் மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டிஎன்ஏவில் இருக்கின்றன. மற்றவை உட்கருவில். மனித மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ 16,569 எழுத்து நீளம், 13 புரதங்களுக்கு மட்டுமே இடம். பழைய பாக்டீரியாவின் மரபணுக்கள் பெரும்பாலும் உட்கருவுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. இரண்டாம் துணையலகு சில இனங்களில் பெயர்ந்திருக்கிறது. சோயாவில் இரண்டு இடத்திலும் படி உண்டு, தட்டைப்பயற்றில் உட்கருவில் மட்டும்தான். கிளாமிடோமோனாஸ் பாசியில் இன்னும் விநோதம்: மரபணு இரண்டு துண்டாகப் பிளந்து, இரண்டும் உட்கருவில் உட்கார்ந்திருக்கின்றன.

முதல் துணையலகு மட்டும் வீட்டை விட்டு நகர்வதே இல்லை. மலேரியா ஒட்டுண்ணியின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ சுமார் 6,000 எழுத்துகளாகச் சுருங்கிவிட்டது. அதில் மிஞ்சிய புரத மரபணுக்கள் மூன்றே மூன்று. அவற்றில் ஒன்று இது. 12 சுருள் கொண்ட, தண்ணீரை வெறுக்கும் புரதத்தை வெளியே தொகுத்து இரண்டு சவ்வுகளைத் தாண்டி உள்ளே இழுத்து வருவது கடினம் என்பது ஒரு விளக்கம். செல்லின் வெளியேற்ற இயந்திரம் அதைத் தவறான சவ்வுக்கு அனுப்பிவிடும் என்பது இன்னொன்று. முன்னதைவிடப் பின்னது எனக்குக் கூடுதலாகப் பிடிக்கும்.

#23 அரைகுறை

இந்த மரபணுவைத்தானே பூச்சி இனங்களை அடையாளம் காண்பதற்கும் பயன்படுத்துகிறார்கள்?

#24 ஓடிப்போன_மரபணு

இதேதான். 2003 இல் பால் ஹீபெர்ட் குழு முன்வைத்தது. முதல் துணையலகு மரபணுவின் சுமார் 650 எழுத்துகள் போதும், விலங்கினங்களைப் பெரும்பாலும் பிரித்தறியலாம். தாவரங்களுக்கு உதவாது; அவற்றின் மைட்டோகாண்ட்ரியா மரபணுக்கள் மிக மெதுவாகத்தான் மாறுகின்றன.

என் சொந்த அவமானம் ஒன்று. முதன்முதலில் ஒரு வண்டின் தொடர்வரிசையைப் படித்தபோது நடுவிலேயே, புரதம் இங்கே முடிகிறது என்று சொல்லும் மூன்றெழுத்து நிறுத்தக் குறியீடு வந்தது. உட்கருவில் ஒட்டிக்கொண்ட செத்த படியைப் பெருக்கிவிட்டேன் என்று எண்ணி இரண்டு வாரம் எல்லா மாதிரிகளையும் மறுபடி செய்தேன். கடைசியில் பார்த்தால் உட்கருவின் குறியீட்டு அட்டவணையை வைத்துப் படித்திருக்கிறேன். யுஜிஏ என்பது உட்கருவில் நிறுத்தம்; விலங்கின் மைட்டோகாண்ட்ரியாவில் அது டிரிப்டோஃபேன். மனிதரில் இன்னும் கூத்து: முதல் துணையலகின் மரபணு ஏஜிஏ என்று முடிகிறது. அதை அமினோ அமிலமாகப் படிக்க ஆளில்லை. புரதத்தைத் தொகுக்கும் ரைபோசோம் ஓர் எழுத்து பின்னால் நழுவி யுஏஜி என்று படித்து நிறுத்திக்கொள்கிறது என்பது ஒரு விளக்கம்.

#25 கரும்பலகை

மூன்றாம் துணையலகைப் பற்றி யாரும் பேசவில்லை. அதில் உலோகமே இல்லை என்று படித்தேன். பிறகு எதற்கு மைட்டோகாண்ட்ரியா அதைச் சொந்தமாக வைத்திருக்கிறது?

#26 ஓட்டைவாளி

ஏழு சுருள், உலோகம் எதுவுமில்லை. ஆனால் அதை அகற்றிவிட்டால் நொதி உடனே நிற்பதில்லை, சில சுற்றுகள் ஓடிவிட்டுத் தானே தன்னைக் கெடுத்துக்கொள்கிறது. டி வழியில் புரோட்டான் வரத்து மந்தமாகிறது, ஆபத்தான இடைநிலை நெடுநேரம் தங்குகிறது, கடைசியில் செம்பு பி கழன்றுவிடுகிறது. வினையில் கை வைக்காமல், வினை செய்கிறவனின் உயிரைக் காப்பது அதன் வேலை.

#27 பச்சைக்கரைசல்

கருத்தரங்கு முடிந்தது. எச் வழியைப் பற்றிக் கேட்டார்கள், வில்லை கை கொடுத்தது. பி நிலையின் சிற்றெழுத்தையும் கேட்டார்கள் (நிறமாலை ஐயா, உங்கள் வாய்க்குச் சர்க்கரை). பதில் தெரியாமல் நின்றது ஒரே ஒரு கேள்விக்கு: ஹிஸ்டிடின்–டைரோசின் பிணைப்பு எல்லா இனத்திலும் அதே இடத்தில்தான் இருக்கிறதா?

#28 நிறமாலை

அருமையான கேள்வி, கேட்டவருக்கு என் வணக்கம். சிபிபி3 வகை ஆக்சிடேஸ் என்று தூரத்து உறவு ஒன்று சில பாக்டீரியாக்களில் இருக்கிறது. அதன் ஆறாவது சுருளில் அந்த டைரோசின் கிடையாது. 2010 இல் கட்டமைப்பு வந்தபோது பார்த்தால், ஏழாவது சுருளிலிருந்து வேறொரு டைரோசின் கை நீட்டி, அதே ஹிஸ்டிடினை, அதே இடத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறது.

#29 பச்சைக்கரைசல்

அந்தக் கோப்பை இப்போதுதான் இறக்கினேன். மென்பொருள் அதே இடத்தைச் சிவப்பில் காட்டுகிறது. ஹிஸ்டிடினுக்கு ஒன்று, டைரோசினுக்கு ஒன்று என்று இரண்டு ஹைட்ரஜன்களைத் தானாகச் சேர்த்துவிட்டு, அவை முட்டிக்கொள்கின்றன என்று என்னிடமே முறையிடுகிறது. இந்த முறை ஹைட்ரஜன்களைத்தான் அழித்தேன்.